எத்தனை பேர் ஏணியில் ஏறினார்கள்?

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் பந்தயம் 2025 நவம்பர் 28ஆம் தேதி முதல் டிசம்பர் 10ஆம் தேதி வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதல் தடவையாக 24 நாடுகள் கலந்துகொண்டன. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை வென்று ஜெர்மனி கோப்பையைக் கொண்டு போயிற்று. இந்தியா அர்ஜென்டினாவைத் தோற்கடித்து மூன்றாவது இடத்தைப் பெற்றது. மதுரையில் ஓர் உலகப் பந்தயம் நடந்தது என்பதில், தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் தென் ஜில்லாக்காரர்களுக்குப் பெருமை இருக்கத்தான் செய்யும்.

பெருமை ஒருபுறம் இருக்கட்டும். பந்தயம் முடிந்ததும் அந்தப் பையன்கள் எங்கே திரும்பிப் போனார்கள்? ஜெர்மானியப் பையன் தன் ஊர்க் கிளப்புக்குத் திரும்பினான். அங்கே அவனுக்கு அடுத்த லீக் ஆட்டம் காத்திருந்தது. இந்தியப் பையனுக்கு அப்படி வாராவாரம் காத்திருக்கும் ஆட்டம் ஏதும் கிடையாது. அவன் பயிற்சி முகாமுக்குப் போவான், அல்லது விடுதிக்கு. அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்கு. இரு நாடுகளின் ஜூனியர் ஹாக்கிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டில் ஜூனியர் பந்தயங்களுக்குப் பஞ்சமில்லை. மாநில அணிகளுக்கான சப்-ஜூனியர், ஜூனியர் தேசியப் போட்டிகள் உண்டு. அகாடமிகளுக்குத் தனிப் போட்டி உண்டு. டில்லியில் நேரு கோப்பை, பள்ளி விளையாட்டு விழா, கேலோ இந்தியா என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் தொடக்க விழாவிலும் மாலை போட்டுக்கொள்ளும் பிரமுகர்கள், "இங்கிருந்துதான் நாளைய இந்திய அணி உருவாகப் போகிறது" என்று பேசாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. உருவாயிற்றா, எத்தனை பேர், எத்தனை வருஷத்தில் என்ற கணக்கை மட்டும் எவரும் கொண்டு வந்து வைப்பதில்லை.

கோப்பை வென்றதையே கணக்காகக் காட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கக் கூடும். அது எவ்வளவு ஏமாற்றும் கணக்கு என்பதற்கு இந்தியாவின் சரித்திரமே சாட்சி. 2001-ல் ஹோபார்ட் நகரில் இந்திய ஜூனியர் அணி அர்ஜென்டினாவை 6-1 என்று நொறுக்கி உலகக் கோப்பையை வென்றது. ககன் அஜித் சிங், தீபக் தாக்கூர், ஜுக்ராஜ் சிங் போன்ற கெட்டிக்காரப் பையன்கள் அந்த அணியில் இருந்தார்கள். ககனும் தீபக்கும் 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக் வரை போனார்கள். ஜுக்ராஜின் ஆட்டத்தை 2003-ல் நடந்த ஒரு கார் விபத்து முடித்து வைத்தது. ஆனால் 2008-ல், அதே தலைமுறை முதிர்ந்து நாட்டைத் தாங்கியிருக்க வேண்டிய வயதில், சான்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று இந்தியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. எண்பது வருஷத்தில் முதல் தடவை! ஆட்டக்காரர்கள் தனித்தனியே மேலே ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை என்று ஏறி வந்தவர்கள் போதவில்லை.

2016-ல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று இந்தியா இரண்டாவது தடவையாகக் கோப்பையைப் பெற்றபோது கதை வேறு விதமாயிற்று. அந்த அணியிலிருந்து ஹர்மன்பிரீத் சிங், மன்தீப் சிங், சிம்ரன்ஜித் சிங், குர்ஜந்த் சிங், சுமித், நீலகண்ட சர்மா, வருண் குமார் ஆகிய ஏழு பேர், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வாங்கிய அணியில் இடம் பெற்றார்கள். நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. பதினெட்டில் ஏழு என்பது எந்த நாட்டுக்கும் நல்ல கணக்கு. ஆனால் அதே அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை உயர்த்திப் பிடித்த ஹர்ஜீத் சிங்குக்கு டோக்கியோவில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே கோப்பை, ஒரே பயிற்சி, ஒரே சாப்பாடு. ஒருவர் ஏறினார், ஒருவர் நின்றுவிட்டார். ஜூனியர் ஆட்டத்தின் சுபாவம் அதுதான்.

ஆகவே, ஒரு ஜூனியர் லீக்கை எடைபோட வேண்டுமானால், அதில் ஆடியவர்களில் எத்தனை பேர் அடுத்த படியில் கால் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த முறையை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருப்பவர்கள் கனடாக்காரர்கள். அவர்கள் ஆடுவது பனிக்கட்டி ஹாக்கி. ஆட்டம் வேறு, ஆனால் கணக்கு ஒன்றுதான். மேற்குக் கனடா, ஒன்டாரியோ, கியூபெக் என்ற மூன்று ஜூனியர் லீக்குகள் சேர்ந்து அங்கே ஒரே அமைப்பாக இயங்குகின்றன. பதினாறிலிருந்து இருபது வயது வரையுள்ள பையன்கள் அவற்றில் ஆடுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, தேசிய ஹாக்கி லீக் எனப்படும் பெரிய லீக்கின் 32 அணிகளும் ஏழு சுற்றில் 224 இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அன்றைக்கு எந்த ஜூனியர் லீக்கிலிருந்து எத்தனை பேர் என்று ஊரெல்லாம் எண்ணுவார்கள். நம் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த அன்று எந்தப் பள்ளியில் எத்தனை பேர் பாஸ் என்று எண்ணுவது போலத்தான்.

அந்தக் கணக்கிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே போய்விடுகிறார்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. ஏற்கெனவே நன்றாக ஆடுகிற பையன்களைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் லீக்குக்கு நல்ல எண்ணிக்கை வருவதில் என்ன அதிசயம்? பிறர் நாற்றங்காலில் வளர்ந்த பயிரைப் பிடுங்கி வந்து நட்டுவிட்டு, விளைச்சல் முழுவதும் தன்னுடையது என்று மார்தட்டுவதைப் போன்றது அது. பதினான்கு வயதில் வந்த பையன் எந்த நிலையில் வந்தான், பத்தொன்பதில் எந்த நிலையில் போனான் என்று பார்த்தால்தான் லீக்கின் உழைப்பு தெரியும்.

விதி ஒன்று மாறினால் லீக்குகளின் தரவரிசையே மாறிவிடும் என்பதையும் கனடாவில் பார்க்க முடிந்தது. அந்த மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று கருதி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அணிகளில் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தன. படிப்பும் வேண்டும் என்ற பெற்றோர், பையனை வேறு சிறிய லீக்குகளுக்கு அனுப்பினார்கள். கல்லூரிக்கு வழிகாட்டுவதே அந்தச் சிறிய லீக்குகளின் பெருமையாக இருந்தது. 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க முடிவு செய்து, 2025 ஆகஸ்டிலிருந்து கதவைத் திறந்து விட்டார்கள். ஒரே நாளில் சிறிய லீக்குகளின் தனிச்சிறப்பு போயிற்று. அவற்றின் பயிற்சி மட்டமாகிவிடவில்லை. அடுத்த படிக்குப் போகும் வழி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இந்திய ஹாக்கிக்கு வந்தால், பந்தயங்களை விட விடுதிகளே பெரும்பாலும் அதிகம் சாதித்திருக்கின்றன என்பது தெரியும். ஒடிசாவின் சுந்தர்கர் ஜில்லாவைப் பாருங்கள். ஆதிவாசிக் கிராமங்கள் நிறைந்த பிரதேசம். ரூர்கேலாவில் பன்போஷ் விளையாட்டு விடுதியும் உருக்காலை நிறுவனத்தின் ஹாக்கி அகாடமியும் அந்தக் கிராமத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, பள்ளிக்கும் அனுப்பி ஆட வைத்தன. சவுனாமாரா என்ற ஒரே கிராமத்திலிருந்து இந்திய அணியின் கேப்டனாக இருந்த திலீப் திர்க்கியும், டோக்கியோவில் பதக்கம் வாங்கிய அமித் ரோகிதாசும் வந்தார்கள். மூங்கில் கம்பை வளைத்து ஸ்டிக்காக்கி ஆடிய பையன்கள் ஒலிம்பிக் வரை ஏறினார்கள் என்றால், அந்த ஏணிக்கு மதிப்பெண் கொடுப்பதில் தகராறே இருக்க முடியாது.

பஞ்சாபின் கதை இன்னொரு மாதிரி. ஜலந்தரை அடுத்த சன்சார்பூர் கிராமம் மட்டும் 14 ஒலிம்பிக் ஆட்டக்காரர்களைத் தந்தது. அங்கே அப்பன் ஆடினான், சித்தப்பன் ஆடினான், பையனும் ஆடினான். இன்று அந்த வேலையை ஜலந்தரின் சுர்ஜித் ஹாக்கி அகாடமி செய்கிறது. ஹர்மன்பிரீத் அங்கே பயின்றவர். ஆனால் பஞ்சாபில் விதை ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. அகாடமி தண்ணீர் விட்டால் போதும். பன்போஷுக்கும் சுர்ஜித்துக்கும் ஒரே தராசு போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்குக் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர் போன அந்த ஊருக்கு ஹாக்கிப் பைத்தியமும் உண்டு. அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அதே விடுதியில் சேர்ந்த செல்வம் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் கார்த்தி. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன் பிறந்த மாநிலத்துக்கு, இந்திய அணியில் தமிழ்ப் பெயரைப் பார்க்க இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது சங்கடமான விஷயம்தான். காத்திருப்பை முடித்து வைத்தது எந்தக் கோப்பைப் பந்தயமும் அல்ல. மூன்று வேளைச் சாப்பாடும் தினசரிப் பயிற்சியும் கொடுத்த ஒரு விடுதி.

அப்படியானால் பந்தயங்களில் குறை என்ன? ஆட்டங்களின் எண்ணிக்கைதான் குறை. நாக்-அவுட் பந்தயத்தில் முதல் நாளே தோற்ற அணி அன்று மாலை ரயிலுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். தேசியப் போட்டிகளிலும், பிரிவில் பின்தங்கிய மாநில அணி இரண்டு மூன்று ஆட்டங்களோடு ஊர் திரும்புகிறது. இரண்டு நாள் ரயிலில், பாத்ரூம் ஓரத்தில் உட்கார்ந்து வந்த பையனுக்கு அந்த வருஷத்துத் தேசிய அனுபவம் இரண்டு மணி நேரம். ஒரு பெனால்டி கார்னரைத் தவறவிட்டவனுக்கு அதைத் திருத்திக்கொள்ள அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. அடுத்த வருஷம்தான் உண்டு. அதற்குள் வயது கடந்து போனாலும் போகும்.

ஹாலந்திலும் ஜெர்மனியிலும் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறார்கள். அங்கே எட்டு வயதுப் பையன் முதல் பெரிய ஆட்டக்காரர் வரை ஒரே கிளப், ஒரே மைதானம். வயதுவாரியாக அணிகள். வார இறுதிதோறும் லீக் ஆட்டம். தோற்றால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். பதினேழு வயதில் ஒருவன் தேறிவிட்டால், அவனை அழைத்துக்கொள்ளும் முதல் அணி பக்கத்து மைதானத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறது. ஜூனியர் உலகக் கோப்பையை ஜெர்மனி 2023-லும் 2025-லும் அடுத்தடுத்து வென்றதற்கு மந்திரம் ஏதும் இல்லை.

இதே போன்ற ஓர் ஏற்பாடு, யாரும் திட்டமிடாமலேயே, ஒரு காலத்தில் மும்பையில் இருந்தது என்பது பல பேருக்கு மறந்துவிட்டது. தன்ராஜ் பிள்ளையை விட அதற்குச் சிறந்த உதாரணம் கிடையாது. புனாவை அடுத்த கட்கியில், ராணுவ தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்த தமிழ்ப் பையன். தகப்பனார் மைதானத்தைப் பராமரிக்கும் ஊழியர். உடைந்த ஸ்டிக்கைக் கயிறு சுற்றி ஒட்டி அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். அண்ணன் ரமேஷ் மும்பையில் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உர நிறுவனத்துக்காக ஆடிவந்தார். அவரைத் தேடித் தம்பி வந்தார். மும்பை லீக்கில் ஆடினார். மகிந்திரா நிறுவனத்தில் இடம் கிடைத்தது. 1989-ல், இருபத்தொரு வயதில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி, நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை ஆடி, 1998-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் கேப்டனாகத் தங்கம் வாங்கினார்.

அவரை மேலே ஏற்றியது ஜூனியர் லீக் அல்ல. குடியிருப்பு மைதானம், அண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் அணி, வாராவாரம் நடந்த நகர லீக் என்ற மூன்று படிகள். ரயில்வே, வங்கி, சுங்க இலாகா, தனியார் ஆலை எனப் பலரும் அணி வைத்திருந்த காலம் அது. நன்றாக ஆடுகிற பையனுக்கு முதலில் ஸ்டைபண்டு, பிறகு குமாஸ்தா வேலை, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பயிற்சிக்கு அனுமதி. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறான் என்று சக ஊழியர்கள் முணுமுணுத்ததும் உண்டு. அந்த அணிகளில் பல இன்று இல்லை. அதன் பிறகும் மும்பையில் பையன்களைத் தயார் செய்தது மெர்ஸ்பான் பட்டேல் போன்ற தனி மனிதர்களின் பிடிவாதம்தான். சர்ச்கேட் பக்கத்துப் பள்ளிப் பையன்களைப் பிடித்து ஆட வைத்து, யுவராஜ் வால்மீகி, அட்ரியன் டிசூசா போன்றவர்களை இந்திய அணி வரை அனுப்பிய அவருக்கு 2019-ல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. ஒரு தனி மனிதர் ஏணியின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நடுப்படிகளை அவர் செய்து போட முடியாது.

நடுப்படி என்பது பத்தொன்பது வயதிலிருந்து இருபத்து மூன்று வரை. ஜூனியர் வயது முடிந்துவிட்டது, சீனியர் அணியில் இடமில்லை, வேலையும் இல்லை. தொழிலாளி வீட்டுப் பையன்கள் ஸ்டிக்கைப் பரணில் போடுவது இந்த நான்கு வருஷத்தில்தான். 2024 டிசம்பரில் மறுபடி தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக், இதற்கு ஓர் அளவு பரிகாரம் தேடியது. ஒவ்வோர் ஆடவர் அணியிலும் 24 பேரில் நான்கு பேராவது ஜூனியராக இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. வரவேற்க வேண்டிய விதி. எட்டு அணிக்கு முப்பத்திரண்டு பையன்களுக்காவது, ஐரோப்பாவின் பெரிய ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் உடை மாற்றிக்கொள்ளும் பாக்கியம் கிடைத்தது. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் மைதானத்தில் நிற்பதும் ஒன்றல்ல. எந்த ஜூனியர் எத்தனை நிமிஷம் ஆடினான் என்று ஒவ்வோர் அணியும் வெளியிட்டால்தான் அந்த விதியின் பலன் தெரியும். பெண்களுக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 21 வயதுக்குட்பட்டோர் லீக், ஒரே வாரத்தில் முடித்துவிடாமல் பல கட்டமாக நடத்தப்பட்டது. எண்ணிப் பார்த்தால், ஆண்களுக்கு இல்லாத யோசனை அங்கே பிறந்திருக்கிறது.

ஏறாதவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் இந்த எடைபோடலில் சேர வேண்டும். எந்த நல்ல லீக்கிலும் ஏறுகிறவர்களை விட நின்றுவிடுகிறவர்களே அதிகம். மேற்குக் கனடா லீக்கில் ஒரு பையன் ஒரு பருவம் ஆடினால், கல்லூரியில் ஒரு வருஷப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் உறுதி. மூன்று பருவம் ஆடினால் மூன்று வருஷம். அவன் பெரிய லீக்குக்குப் போகாவிட்டாலும் வெறுங்கையோடு போவதில்லை. இங்கே விடுதியில் சேர்ந்த பையன், பள்ளிக்குப் பாதி நாள், முகாமுக்குப் பாதி வருஷம் என்று போய், பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டி, பத்தொன்பது வயதில் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்காக வரிசையில் நிற்கிறான். அந்த வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் இடமில்லை என்பது ரயில்வேயில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும்.

கட்கியிலோ கல்யாணிலோ இருக்கும் ஒரு தகப்பனாரிடம், "உங்கள் மகனுக்கு நல்ல கை இருக்கிறது, எங்கள் விடுதியில் விடுங்கள்" என்று ஒரு கோச் வந்து கேட்டால், அவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே சேர்ந்த இருபது பையன்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? எத்தனை பேர் மாநில அணியில்? எத்தனை பேர் உத்தியோகத்தில்? எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? வருஷத்துக்கு எத்தனை ஆட்டம் கிடைக்கிறது? அலமாரியில் வரிசையாக வைத்திருக்கும் கோப்பைகளைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பதில் சொல்ல விடுதிகளிடம் கணக்கு இருக்க வேண்டும். ஹாக்கி இந்தியா ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் அடையாள எண் கொடுத்துப் பதிவு செய்கிறது. யார் எந்தப் போட்டியில் ஆடினார் என்பது ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது. சப்-ஜூனியர் போட்டியில் ஆடியவர்களின் பெயருக்கு எதிரே, ஐந்து வருஷம் கழித்து அவர் எங்கே என்று ஒரு பத்தி சேர்ப்பதற்குப் பெரிய கமிட்டி வேண்டாம், வெளிநாட்டு நிபுணர் வேண்டாம், ஒரு நல்ல குமாஸ்தா போதும். மாநிலம் மாநிலமாக, விடுதி விடுதியாக அந்தப் பட்டியலை வருஷம் ஒரு முறை ஜூனியர் தேசியப் போட்டி தொடங்கும் நாளில் அச்சிட்டு வெளியிடச் சொல்லி, மகாராஷ்டிர ஹாக்கிச் சங்கமும் தமிழ்நாட்டுச் சங்கமும் முதலில் கேட்கலாம்.